பிளக்காமல் விட்ட பொம்மை

ஆப்பிரிக்காவில் ஓர் இக்போ கிராமம். அங்கே ஒவ்வோர் ஆணுக்கும் கொம்பு வைத்த ஒரு மரப்பொம்மை உண்டு. அவனுடைய வலதுகையின் பலம் அதில்தான் குடியிருக்கிறது என்பார்கள். பொம்மை இல்லாதவனை ஆம்பிளைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஆள் செத்ததும் பொம்மையை இரண்டாகப் பிளந்து அவனோடு மறு உலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒபியோரா செத்தபோது அவர் மகன் கோடரியை ஓங்கினான். அவன் புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவன். இது பாவம் என்று பாதிரியார் சொன்னது ஞாபகம் வர, கோடரியைக் கீழே வைத்துவிட்டான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பொம்மை, கோடரி இரண்டையும் கேட்டு வாங்கிக் கப்பலேற்றினார்.

இப்போது கடல் தாண்டி, ஓர் அருங்காட்சியகத்தில் ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. நடுவே ஒரு சாண் இடைவெளி.

"ஒரே ஒரு போடு போடு, போதும்," என்றது பொம்மை. "நான் இல்லாமல் ஒபியோராவை அங்கே யார் மதிப்பார்கள்?"

"எனக்கும் அந்த வேலைதான் பாக்கி," என்றது கோடரி. "தூக்க ஒரு கை வேண்டுமே."



"பலம் அப்படியே என்னிடம் இருக்கிறது," என்றது பொம்மை. "கைதான் மண்ணுக்குள் போய்விட்டது."