வழி நெடுக ஹாரன்

"ரோட்ல ஒரு ஈ, காக்கா இல்ல. எதுக்கு இப்படி ஹாரன் அடிக்கிறீங்க?"

பின்சீட்டிலிருந்து எழில்மதி கேட்டாள். டிரைவர் ரைஸ் மில் வாசலில் வண்டியை மெதுவாக்கி, இன்னொரு முறை நீளமாக அடித்தார்.

உள்ளேயிருந்து முண்டாசு கட்டிய ஒருவர் ஓடிவந்தார். காருக்குள் குனிந்து அவளை நன்றாகப் பார்த்தார். டிரைவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

கார் கிளம்பியது. எழில்மதி பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்தே எதுவும் சரியில்லை.

அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை. அங்கே போனைத் தட்டினால் கார் வரும். டிரைவரின் பெயர், போட்டோ, வண்டி நம்பர் எல்லாம் கார் வருவதற்கு முன்பே வந்துவிடும். அவள் எந்தத் தெருவில் போகிறாள் என்பதை, போன வருஷம் குடிபோன அம்பகரத்தூரில் உட்கார்ந்தபடி அப்பா தியாகராசன் போனில் பார்ப்பார். ஹாஸ்டல் வாசலில் மகள் இறங்கிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார். சென்னையிலும் இதே கதைதான். மும்பைக்குப் போனபோது தெருவில் நின்ற கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் ஏறினாள். அதில்கூட மீட்டர் என்று ஒன்று இருந்தது.

இங்கே? ஆப்பில் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'அருகில் வண்டி இல்லை' என்றது. அதைச் சொன்ன கையோடு போனும் உயிரை விட்டது.

அப்பாவுக்குப் போன வாரம்தான் கண் ஆபரேஷன். அழைத்துப் போக வரமுடியாது. வேறு வழியில்லாமல் டாக்ஸி ஸ்டாண்டில் முதலாவதாக நின்ற பழைய வெள்ளைக் காரில் ஏறினாள்.

"அம்பகரத்தூர்ல யாரு வீடும்மா?"

"தியாகராசன் வீடு." சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"போன் அணைஞ்சுடுச்சு போலருக்கே. என் போன்ல வீட்டுக்குப் பேசுறீங்களா?"

"வேணாம், வேணாம்." வீட்டு நம்பர் இந்த ஆளின் போனில் பதிவாகிவிடுமே! ஏறும்போது பார்த்த வண்டி நம்பரை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார்.

திருநள்ளாற்றில் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு பூக்கடை அம்மாவிடம் காரைக் காட்டி என்னவோ கிசுகிசுத்தார். அந்த அம்மா வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"இந்தப் பொண்ணுதானா?"

"ஆமா அஞ்சுகம். போனைப் போட்டு சொல்லிடு."

யாருக்குப் போன்? எதைச் சொல்ல? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எழில்மதிக்கு இருட்டுவதற்கு முன்பே பேய் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இப்போது இந்த முண்டாசு. அடுத்து ஊர் திருப்பத்தில் ஒரு டீக்கடை. மறுபடியும் ஹாரன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினார். அவரும் போனை எடுத்தார்.

ஆள் சேர்க்கிறார்கள். சந்தேகமே இல்லை. இரண்டு பக்கமும் வயல். கத்தினால் கொக்குதான் கேட்கும். அடுத்த முறை வேகம் குறைந்தால் குதித்துவிட வேண்டியதுதான் என்று பையை மார்போடு அணைத்துக் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

வேகம் குறைந்தது. கதவைத் திறந்தாள்.

எதிரே அவள் வீட்டு வாசல்.

கறுப்புக் கண்ணாடியும் சிரித்த முகமுமாக அப்பா நின்றார். பக்கத்தில் அம்மா அல்லி. போன உயிர் திரும்பி வந்தது எழில்மதிக்கு. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"என்னடி இப்படி நடுங்குற? உனக்குத் தோசை ஊத்திட்டுதான் வாசலுக்கு வந்தேன்."

"நான் இப்ப வர்றது எப்படிம்மா தெரியும்? போன்தான் செத்துப்போச்சே!"

அப்பா சிரித்தார். "திருநள்ளாறு பூக்காரம்மா நம்ம டீக்கடை நவநீதனுக்குச் சொல்லி, அவன் எனக்குச் சொன்னான். அப்புறம் அவன் சொல்லி வச்சு மில்லுலேருந்து போன். கடைசியா நவநீதனே, 'டீக்கடையத் தாண்டிருச்சுண்ணே'ன்னான். நான் இப்ப போனைப் பார்க்கக் கூடாது. காதாலயே கூட வந்தேன்."

"நீங்க சொல்லி வச்சீங்களாப்பா?"

"நான் எங்க சொன்னேன்? இவரு யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா."

பெட்டியை இறக்கி வைத்த டிரைவர் சங்கோஜமாகத் தலையைச் சொறிந்தார்.

"வண்டி நம்பரை நீங்க மனப்பாடம் பண்றதைக் கண்ணாடியில பார்த்தேம்மா. நான் நல்லவன்னு நானே சொன்னா, இருக்குற பயம் இன்னும் கூடத்தான் செய்யும். அதான், நீங்க என் வண்டியில போறத வழியில நாலு பேரு பார்த்து வச்சுக்கட்டும்னு..."

எழில்மதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "உங்க பேரு என்னண்ணே?" என்று கேட்டாள். ஏறும்போதே கேட்டிருக்கலாம்.

"ராஜ்மோகன்மா."

"ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க தம்பி" என்றாள் அல்லி.

"இன்னொரு நாளைக்கு வர்றேங்க்கா." ராஜ்மோகன் அவசரமாக வண்டியில் ஏறினார். "பொண்ணு வீடு போய்ச் சேர்ந்துட்டுன்னு நான் வந்து சொல்ற வரைக்கும் கடையக் கட்ட மாட்டேன்னு அந்தப் பூக்காரம்மா குந்தியிருக்கு."