மூடிய திரையில் ஓர் ‘ஆம்’

ஜன்னலோரம் நிரல் எழுதும் ஜீவிதா, எதிரே நிறுவனத்தின் கூட்டாளி கலைவாணன், கதவருகே கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் நான். 2009 ஆவணி. பட்டுக்கடைக்காகச் செய்த ஆண்ட்ராய்டு செயலியை அன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

சேலைப் படத்தைத் தொட்டால் “எடுத்து வைக்கவா?” என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்க வேண்டும். பெட்டியே வரவில்லை.

“பெட்டி எந்தத் திரைமேல நிக்கணும்னு சொல்ற கான்டெக்ஸ்ட், அதுல எதக் குடுத்தம்மா?” என்றார் கலைவாணன்.

“ஐயோ, மூடின திரையோடது சார். பெட்டி அதுமேல போய் நின்னுகினு இருக்குது.”

“அப்போ செயலியே வேலை செய்யாம படுத்திருக்கணுமே?”

“படுக்கல சார். அரக்குச் சேலைக்கு ‘ஆம்’னு பதில் வந்திருக்குது.”

“நீதான் அழுத்தியிருப்ப.”

“கண்ணுக்கே தெரியாத பெட்டிய எப்படி சார் அழுத்துறது?”

ஜீவிதா திறந்திருக்கும் திரையின் கான்டெக்ஸ்டை மாற்றிக் கொடுத்தாள். பெட்டி எங்கள் கண்முன் வந்து, ஒழுங்காகப் பதிலுக்குக் காத்திருந்தது. கலைவாணன் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா! டீ சொல்லுபா.”

பழைய ‘ஆம்’ மட்டும் அப்படியே இருந்தது. அதை அழிக்க மூவருக்கும் மனம் வரவில்லை.

குறுந்தகட்டோடு கடைக்காரருக்கு எழுதினேன்: “செயலி தயார். அரக்குச் சேலையை மட்டும் விற்றுவிட வேண்டாம். எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.”

உறையை ஒட்டி, கூரியரில் கொடுத்தேன்.