விளக்கு அணையும் வரை

சக்கரம் நிற்பதற்குள் எழுந்து பெட்டியை இழுக்கிற கூட்டத்துக்கு எதற்குத்தான் பெல்ட்டோ என்று விமானம் கூட்டும் அக்காவுக்கு எப்போதுமே எரிச்சல். எல்லோரும் இறங்கிப் போனதும் சீட் சீட்டாக பெல்ட்டை மடித்துப் போடுவது அவள் வேலை.

பதினேழாம் வரிசை ஜன்னல் சீட்டில் மட்டும் நான்கு நாளாக அது முடியவில்லை. பழுது என்று யாரையும் உட்கார வைக்காத அந்தச் சீட்டில் பெல்ட் பூட்டியே இருந்தது. சுமாரான ஒரு தொப்பையைச் சுற்றியதுபோல வளைந்து நின்றது. எவ்வளவு இழுத்தும் கொக்கி திறக்கவில்லை.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. ஒரேயடியா அடம் பிடிக்குது," என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

அவர் மேலே பார்த்தார். "இந்த வரிசைல மட்டும் பெல்ட் போடச் சொல்ற விளக்கு அணையவே இல்லையேம்மா."

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. இருக்கட்டும், சரி பண்ணிடறேன்."

மூடியைக் கழற்றி ஒயரைத் தொட்டார். டிங் என்று விளக்கு அணைந்தது.

கீழே கொக்கி தானாகக் கழன்றது. பெல்ட் தொய்ந்து விழுந்தது. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டின் கதவு நிதானமாகத் திறந்து, நிதானமாக மூடிக்கொண்டது.

மெக்கானிக்கின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. அக்கா குப்பைப் பையை அணைத்துக்கொண்டு பக்கத்து வரிசைக்குள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"விளக்கு அணையற வரைக்கும் உக்காந்திருந்த ஒரே ஆளு நீங்கதாங்க," என்றாள். "பாத்து இறங்குங்க, படி ஈரமா இருக்கு."