தாளின் மறுபக்கம்

ஒருபக்கம் அச்சான தாள்களைக் குப்பையில் போடாமல் மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, அலுவலக பிரிண்டருக்குப் பக்கத்தில் பெட்டி வைத்தவள் ஜெசிந்தாதான். அன்று மதியம் அந்தப் பெட்டித் தாளில் தன் விடுப்புக் கடிதத்தை அச்செடுத்துத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கத்தில், அடுத்த மாதம் வேலையிலிருந்து நீக்கப்படும் பதினொரு பேரின் பட்டியல் இருந்தது. மூன்றாவது பெயர் தில்ஷாத்.

தாளோடு இருக்கைக்கு வந்தாள். பக்கத்து நாற்காலியில் தில்ஷாத் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"வேற கம்பெனியில கூப்பிட்டாங்கல்லக்கா, வரலைன்னு மெயில் போடறேன். இங்கயே நல்லாத்தானே இருக்கு?"

ஜெசிந்தாவின் கை தானாகப் போய் அவளுடைய மௌஸை மூடிக்கொண்டது.

"என்னக்கா?"

பதில் சொல்வதற்குள் மேலாளர் மதிவாணன் வேர்க்க விறுவிறுக்க வந்து பெட்டியைக் குடைந்தார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதுலேர்ந்து யாராவது பேப்பர் எடுத்தீங்களா?"

பேசாமல் அவரிடமே கொடுத்துவிடலாம். பட்டியலில் தன் பெயர்தான் இல்லையே. ஜெசிந்தா தாளோடு எழுந்தாள்.

"நான்தான் எடுத்தேன் சார்."

அவர் கையை நீட்டிக்கொண்டு நெருங்குவதற்குள் தாளைத் தில்ஷாத்தின் மடியில் வைத்தாள்.

"மொதல்ல இதப் படி."