ஜன்னலோரத்து அப்பா

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார். போன வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், யோசனை அக்காவோடு ரயிலில் போய்விட்டு வந்த கையோடு சொன்னாள்.

யோசனை அக்கா நாத்தனாரின் தெருக்காரி. கேட்காமலே யோசனை சொல்வதால் அந்தப் பெயர். அதிலும் குழந்தைகளோடு பயணம் என்றால் மூச்சு விடாமல் பேசுவாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். தூக்கி வளர்த்தது யார் என்று மட்டும் சொன்னதில்லை.

அன்று ஏறி உட்கார்ந்ததுமே அக்காவுக்கு எதிர் சீட்டு கண்ணை உறுத்தியது.

ஜன்னலோரம் ஒரு தடித்த ஆள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் இருந்தான். அவன் மார்பில் மூன்று வயதுப் பையன் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கினான். பக்கத்தில் ஒரு இளம்பெண். அவள் மடியில் கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்க, பால் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தாள்.

'நல்லா இருக்கு கூத்து! இவள் அல்லாடறாள், துரைக்குத் தூக்கம் கேக்குது!' அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, மாத்துத் துணி கைக்கெட்டற மாதிரி வைக்கணும். விளையாட்டுச் சாமானை ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கணும். பிள்ளைங்களோட பயணம்னா ஒரு திட்டம் வேணாமா?”

“சரிங்கக்கா. அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்தினீங்கன்னா, பாப்பாவைப் படுக்க வச்சுத் துணி மாத்திடுவேன்...”

“ஐயோ, புதுப் பைம்மா! கீழ வச்சா அழுக்காயிடும். நான் சொல்றதைக் கேளு. முதல்ல உன் வீட்டுக்காரரை எழுப்பு.”

“அக்கா, இவர் வந்து...”

“பரிஞ்சு பேசாதே! இப்படி இடம் குடுத்துத்தான் ஆம்பளைங்க கெட்டுப் போறாங்க.” அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “என்ன சார், பெத்தா மட்டும் போதுமா? கொஞ்சம் கை குடுத்தா தேஞ்சா போயிடுவீங்க?”

அவன் கண்ணைத் திறந்தான். ஒரு விரலை மெல்ல உதட்டின் மேல் வைத்தான். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

“பாத்தியா, என்னையே வாயை மூடுங்கறான்!” என்று அக்கா நாத்தனாரை இடித்தாள்.

“மெதுவா பேசுங்கக்கா,” என்று கெஞ்சினாள் அந்தப் பெண். “பையனுக்குக் காதுவலி. நேத்தெல்லாம் துடிச்சுட்டான். இப்பத்தான் கண்ணசந்தான். முழிச்சா மறுபடியும் ஆரம்பிச்சுடும்.”

“அதைச் சாக்கா வச்சு இவரும் தூங்கறாராக்கும்!”

ஸ்டேஷன்கள் வந்தன, போயின. அந்த ஆள் தோளைக்கூட மாற்றவில்லை. சோம்பேறி, கல்லுளிமங்கன் என்று அக்கா அவனுக்குப் பட்டம் சூட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பட்டத்துக்கும் அவன் கண்ணிமை கொஞ்சம் துடித்தது. அவ்வளவுதான்.

அந்தப் பெண் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவன் பையனை அணைத்தபடியே பூப்போல எழுந்து, வாசல் வரை நடந்து இறங்கினான். நடைமேடையில் ஒல்லியாக ஒருத்தர் ஓடி வந்து, தூக்கம் கலையாமல் பையனை வாங்கிக்கொண்டார்.

“அப்பா வந்துட்டேண்டா, கண்ணு.”

அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, அப்ப இந்த ஆள் யாரு?”

“தெரியாதுங்கக்கா. எப்பவோ இறங்க வேண்டியவர். பையன் முழிச்சுடுவான்னு இறங்காமலே கூட வந்துட்டார்.”

அவர் தோளை நீவிவிட்டுக்கொண்டே, திரும்பிப் போகும் ரயிலைத் தேடி எதிர்ப்பக்கப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்.

ரயில் நகர்ந்தது. அக்கா காலியான ஜன்னலோரத்துக்கு மாறி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“முன்பின் தெரியாதவன்கிட்ட பிள்ளையைக் குடுக்கறாளே, இவளெல்லாம் ஒரு அம்மாவா?”

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரயிலில் பிள்ளைக்காரி யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரம் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புண்ணியமாகப் போகும்.