கெஸ் வாட்!

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு விதி. ‘கெஸ் வாட்!’ என்று யார் கூவினாலும், கேட்டவர் அந்த இடத்திலேயே நின்று, திரும்பி, ‘வாட்?’ என்று கேட்க வேண்டும். ஜெசிந்தாவும் பூங்கோதையும் தெருவில்கூட அதை மீறியதில்லை.

ஒரே ஒரு வேலைக்கு இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தார்கள். முடிவு வந்த அன்று ஜெசிந்தா சாலையோரத்திலிருந்து கூவினாள். நடுச்சாலையில் பூங்கோதை நின்றாள், திரும்பினாள், சிரித்துக்கொண்டே கேட்டாள். பின்னால் வந்த பேருந்து நிற்கவில்லை.

நாற்பது நாள் கழித்து இன்றுதான் ஜெசிந்தா மறுபடி வகுப்புக்கு வந்திருந்தாள்.

“‘கெஸ் வாட்’னு ஒரு தடவை சொல்லிரும்மா, பயம் விட்டுப்போகும்,” என்றார் சவரிராஜ் சார்.

“வேணாம் சார்.”

“சும்மா சொல்லுடி, நாங்கல்லாம் இருக்கோம்ல,” என்றாள் பின்வரிசை அக்கா.

சொன்னாள். பதினோரு பேரும் ஒன்றாக ‘வாட்?’ என்றார்கள். அது அடங்கிய பிறகு, ஜன்னலோரக் காலி நாற்காலியிலிருந்து, சிரிப்போடு இன்னொரு ‘வாட்?’ வந்தது. வேறு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜெசிந்தா எழுந்தாள். கழுத்தில் தொங்கிய, அந்த வேலைக்கான புது அடையாள அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“வேலை உனக்குத்தான்டி கெடச்சிருக்கு,” என்றாள்.