பழைய பலம்

பார்க்கின்சன் எனும் நடுக்க நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக ஆபிரகாமுக்கு எடுத்த மூளை ஸ்கேனைப் பார்த்த டாக்டர் குழம்பிப்போனார்.

"இந்த நோய்ல அழியற செல் எல்லாம் உங்களுக்கு நல்லா இருக்கு சார். மனநோய் மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? அதனாலயும் கை நடுங்கும். நிறுத்தினா சரியாயிடும்."

"நான் என்ன பைத்தியமா?" என்று சீறினார் ஆபிரகாம். "இவ போடற காபியும் நீங்க குடுக்கற மாத்திரையும்தான்!"

மனைவி சுகிர்தம் மெல்லக் கேட்டாள். "கை பழையபடி ஆயிடுமா டாக்டர்?"

"பயப்படாதீங்கம்மா. பழைய பலம் வந்துடும்."

மறுநாள் காலை, பெருங்களத்தூர் வீட்டின் சமையலறையில், என்றோ அவர் முறித்த தன் இடது மணிக்கட்டைத் தடவியபடி சுகிர்தம் சிறிது நேரம் நின்றாள்.

பிறகு அரிசி டப்பாவுக்குள்ளிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, ஆறு வருடமாகக் கலக்கும் நான்கு சொட்டுகளையும் அவர் காபியில் விட்டாள்.